நரம்பு காட்டும் வெளிச்சம்: வன்னி வார்ட்டுகளுக்கு எது தேவை?

கனடாவில் இருக்கும் மாமா ஒருவர் போன மாரியில் தொலைபேசி எடுத்தார். “பிள்ளை, கையிலை பச்சை வெளிச்சம் அடிச்சு நரம்பைக் காட்டுற மெசின் ஒண்டு இருக்காம். இஞ்சை இரத்தம் எடுக்கிற இடத்திலை பாத்தனான். நாங்கள் நாலைஞ்சு பேர் சேந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒண்டு வாங்கித் தரட்டோ?” என்று கேட்டார். நான் வன்னியில் தாதியாக வேலை செய்பவள். ‘ஓம் மாமா’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொண்டேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். மாமாவைப் போல இன்னும் பலர் இதே கேள்வியோடு இருப்பார்கள்.

அவர் கேட்ட அதே கிழமை, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் வயிற்றோட்டம். நாக்கு வறண்டு, கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. ரப்பர் பட்டி கட்டினோம், கையைத் தொங்கவிட்டோம், விரலால் தட்டினோம். முதல் ஊசி புறங்கையில். நரம்பு உருண்டு விலகிவிட்டது. இரண்டாவதில் கனுலாவுக்குள் (ஊசியோடு ஏற்றி உள்ளே விட்டுவைக்கும் மெல்லிய குழாய்) ஒரு துளி இரத்தம் வந்து நின்றது. சேலைனைத் திறந்ததும் அந்த இடம் வீங்கியது. மூன்று, நான்கு, ஐந்து. அந்த அம்மா கோபிக்கவில்லை. “என்ரை நரம்பு எப்பவும் இப்பிடித்தான் பிள்ளை, உங்களிலை பிழையில்லை” என்று எங்களைத் தேற்றினார். கடைசியில் எங்கள் மூத்த மிஸி வந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துவாயால் கையைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரல் பக்கமாக மணிக்கட்டுக்கு மேலே ஒற்றை விரலால் அழுத்தி அழுத்தித் தேடினார். நீல நிறக் கனுலா ஒரே தரத்தில் ஏறியது.

மாமாவின் வெளிச்சம் இருந்திருந்தால் அந்த ஐந்து குத்தும் மிச்சமாகியிருக்குமா? இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. காரணத்தை விளங்கிக்கொள்ள, நாளம் ஏன் ஒளிகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். ஊரில் எல்லோரும் ‘நரம்பு’ என்றுதான் சொல்வோம்: நரம்பு கிடைக்கேல்லை, நரம்பு வெடிச்சிட்டுது, நரம்பிலை ஊசி போட்டது. பள்ளிக்கூடப் புத்தகம் இதை நாளம் என்கிறது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். உணர்வைக் கடத்தும் உண்மையான நரம்பு வேறு. வார்ட்டில் பேசும்போது நானும் நரம்பு என்றே சொல்வேன், அப்போதுதான் ஆட்களுக்கு விளங்கும். இங்கே மட்டும் நாளம் என்று எழுதுகிறேன். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

நாளம் கிடைக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, அது ஆழத்தில் இருக்கிறது: உடல் பருத்தவர்கள், கைகால் கொழுத்த ஆறு மாதக் குழந்தை, உடம்பு முழுக்க நீர் கோத்தவர்கள். இரண்டு, அது வெறுமையாகச் சப்பிப்போயிருக்கிறது: வயிற்றோட்டம், இரத்தப்பெருக்கு, டெங்குவில் நீர் கசியும் கட்டம், குளிரும் பயமும். மூன்று, அது பழுதடைந்திருக்கிறது: திரும்பத் திரும்பக் குத்தியதால் தடித்தது, புற்றுநோய் மருந்து ஏறிக் கயிறு போல இறுகியது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் மருந்து ஏற்றிவிட்டு வருகிறவர்களின் முன்னங்கையைத் தடவிப் பார்த்தால் இது தெரியும். முதியவர்களில் நாளம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைப் பிடித்துவைக்கும் இழையம் தளர்ந்துவிட்டதால் ஊசி பட்டதும் வழுக்கிப் போகும். அந்த அம்மாவுக்குச் சப்பியும் இருந்தது, வழுக்கியும் போனது.

இனி அந்தப் பச்சை வெளிச்சம். 1800ஆம் ஆண்டு வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை நிறம் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். அதில் சிவப்பை ஒட்டிய பகுதி, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீற்றர் வரை, நம் உடம்பைப் பொறுத்தவரை ஒரு திறந்த யன்னல். அதற்குக் குறைந்த அலைநீளங்களை இரத்தத்தின் செந்நிறப் பொருளான ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். அதற்குக் கூடியவற்றைத் தண்ணீர் விழுங்கிவிடும். இடையிலுள்ள ஒளி தோலையும் கொழுப்பையும் கடந்து சில மில்லிமீற்றர் போய்ச் சிதறித் திரும்பும். நாளத்தில் ஓடுவது ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு வரும் இரத்தம். அது 760 நானோமீற்றரை ஒட்டிய ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆகவே திரும்பி வரும் ஒளியைக் கமெராவால் பிடித்தால், வெளிறிய தோலுக்கு நடுவே நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

கோவிட் காலத்தில் எல்லோரும் விரலில் கொழுவிப் பார்த்த சிறு கருவியும் இதே விதியில்தான் இயங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஒயாகி கண்டுபிடித்த வழி அது: ஒரு சிவப்பு ஒளி, ஒரு அகச்சிவப்பு ஒளி, இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற ஒப்பீடு. நாளம் காட்டும் கருவி அதற்கு மேல் ஒரு வேலை செய்கிறது. கமெரா பிடித்த படத்தைத் திருத்தி, அதே கையின் மேல், அதே இடத்தில், பச்சையாகவோ சிவப்பாகவோ திரும்ப வீசுகிறது. 1990களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், ரெனசிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்பேர்ட் சீமன் என்பவர் உருவாக்கத் தொடங்கியது ‘வெயின்வியூவர்’ ஆனது. பின்னர் வந்த ‘அக்குவெயின்’ கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கி, மங்கலான லேசர் கதிரால் கோடு வரைகிறது.

எங்கள் நிறத்து ஆட்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். அலைநீளம் கூடக் கூட அதன் தடை குறையும். கண்ணால் பார்த்து நாளம் தெரியாத கறுத்த கையிலும் அகச்சிவப்பு ஓரளவு நன்றாகவே காட்டும். குழந்தையின் உள்ளங்கைக்குக் கீழே சிவப்பு ரோச் பிடித்துப் பார்க்கும் பழைய முறைக்கு அவ்வளவு வலு இல்லை. மெல்லிய கை என்பதால் பச்சைக் குழந்தைகளில் அது உதவும். குளிர்ந்த எல்.ஈ.டி. வெளிச்சமாக இருக்கவேண்டும், பழைய குமிழ் விளக்குகள் குழந்தைகளின் தோலைச் சுட்டிருக்கின்றன.

ஆனால் அந்தக் கோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். ஆழத்தைச் சொல்லாது. 2 மில்லிமீற்றர் கீழே ஓடுவதும் 7 மில்லிமீற்றர் கீழே ஓடுவதும் தோலின் மேல் ஒரே பச்சைக் கோடுதான். 10 மில்லிமீற்றருக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது. நாளத்துக்குள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தாலும் கோடு விழலாம். கருவியைச் சரித்துப் பிடித்தால், உருண்டையான கையில் கோடு நாளத்தை விட்டு ஒரு பக்கம் விலகும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. திறந்த விறாந்தைக் கட்டிலில், பகல் வெளிச்சத்தில், படம் வெளிறிவிடும். எல்லாவற்றிலும் பெரிய குறை, சப்பிப்போன நாளத்தில் உறிஞ்சுவதற்கு இரத்தமே போதாது. எங்கள் வயிற்றோட்டக்கார அம்மாவுக்குக் கோடுகள் மெல்லிதாகத் தெரிந்திருக்கும். ஊசி நுனி அந்த மெல்லிய குழாயின் இரண்டு சுவருக்கும் நடுவில் நிற்குமா என்பது அப்போதும் கையின் வேலைதான்.

ஆய்வுகளும் இதையே காட்டியிருக்கின்றன. நெதர்லாந்தில் மூன்று வகை அகச்சிவப்புக் கருவிகளைச் சிறுவர்களில் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்வில், முதல் குத்திலேயே கனுலா ஏறும் விகிதம் கருவி இல்லாமல் போட்டதைவிடக் கூடவில்லை. கருவியால் அதிகமான நாளங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஊசி ஏறியது அதேயளவுதான். கடினமானவர்கள் என்று முன்கூட்டியே தெரிந்த பிள்ளைகளில் பயன் உண்டு என்று வேறு சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே கருவியைவிட, யாருக்கு அதை எடுப்பது என்று தெரிந்திருப்பது பெரிது. சிறுவர்களுக்கென 2008இல் வந்த ஒரு புள்ளிமுறை இருக்கிறது: நாளம் கண்ணுக்குத் தெரிகிறதா, விரலுக்குப் படுகிறதா, பிள்ளையின் வயது என்ன, குறைமாதத்தில் பிறந்ததா. நாலும் அதற்கு மேலும் புள்ளி வந்தால் முதல் குத்துத் தவறும் வாய்ப்பு பாதிக்கு மேல். இதற்குக் காசு செலவில்லை. நோயாளியின் விபரம் எழுதும் டிக்கெற்றின் ஓரத்தில் எழுதிவிடலாம்.

அடுத்தது ஸ்கான், அதாவது அல்ட்ரா சவுண்ட். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அதே ஸ்கான்தான். இதற்குத் தட்டையான, சிறிய தலை வேண்டும். ஜெல் பூசி முழங்கைக்கு மேலே உட்புறமாக வைத்தால் திரையில் சில கறுப்பு வட்டங்கள் தெரியும். மெதுவாக அழுத்துங்கள். நாளம் வாயை மூடுவது போலச் சப்பிவிடும். நாடி வட்டமாகவே நின்று துடிக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கண்கண்ணாக ஒரு வட்டம் தெரிந்தால் அதுதான் உண்மையான நரம்பு. அதன் வெட்டுமுகம் அசல் தேன்வதை போலவே இருக்கும். காட்டுத்தேன் எடுத்துப் பழகிய வன்னி ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதில் ஊசி பட்டால் விரல் நுனி வரை மின்சாரம் அடித்தது போல இழுக்கும். ஊர்ப்பேச்சில் ஒரே பெயரில் போகும் இரண்டையும் ஸ்கான் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்துக் காட்டுகிறது.

ஊசி போகும்போது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது நுனிதானா, நுனி முன்னே போய்விட்டு நாம் தண்டைப் பார்க்கிறோமா என்பதைத் திரை தானாகச் சொல்லாது. தலையை ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் முன்னே நகர்த்தவேண்டும், புள்ளி மறையவேண்டும், பிறகு ஊசியைப் புள்ளி திரும்பத் தெரியும் வரை நகர்த்தவேண்டும். இப்படி மாறி மாறிப் போனால் கறுப்பு வட்டத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி வந்து நிற்கும். இதைப் பழகாமல் போட்டால் நாளத்தின் பின்சுவரையும் துளைத்துக்கொண்டு போய்விடுவோம். கோழி இறைச்சித் துண்டுக்குள் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி வைத்துப் பழகலாம். பல நாடுகளில் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதன் பிறகும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கப் பத்து, இருபது பேருக்குப் போட்டால்தான் கை வசமாகும்.

கடினமான நாளக்காரர்களில் ஸ்கான் பார்த்துப் போடுவதால் முதல் குத்திலேயே ஏறும் வாய்ப்புக் கூடுகிறது என்பது வளர்ந்தவர்களில் செய்த ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. நல்ல நாளம் உள்ளவருக்கு ஸ்கான் வைத்தால் நேரம்தான் போகும்.

ஒரு சிறு கணக்கைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்பளிப்புக் கொடுப்பவர்கள் தவறவிடும் இடம் இது. மேற்கையில் நாளம் 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஊசி 45 பாகை சரிவில் போனால், நாளத்தைத் தொடுவதற்குள்ளேயே 1.4 சென்ரிமீற்றர் செலவாகிவிடும். நீல நிற 22ஆம் எண் கனுலாவின் மொத்த நீளமே ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். மிச்சம் நாளத்துக்குள் இருப்பது 1.1. நோயாளி கையை மடக்கி நீட்டியதும் அது வெளியே வந்துவிடும். மருந்து தசைக்குள் கசியும். கனுலாவின் மூன்றில் இரண்டு பங்காவது நாளத்துக்குள் கிடந்தால்தான் நிலைக்கும். அதற்கு 5, 6 சென்ரிமீற்றர் நீளக் கனுலா வேண்டும். ஸ்கானை அனுப்பிவிட்டு நீளக் கனுலாவை அனுப்பாவிட்டால், அன்று ஏறும் கனுலா அடுத்த நாள் வீங்கும். பழி ஸ்கானில் விழும்.

இனி வன்னிக்கே உரிய மூன்று ஆட்களைப் பற்றி.

முதலாமவர் வயலில் புடையன் பாம்பு கடித்து வருபவர். புடையனின் நஞ்சு இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைத் தின்று தீர்த்துவிடும். கண்ணாடிப் போத்தலில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்க்கிறோமே, அது இதற்காகத்தான். உறையாவிட்டால் நஞ்செதிர் மருந்து, பத்தோ இருபதோ குப்பி, நாளம் வழியாக ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஏறவேண்டும். மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்பதால் இரண்டாவது கனுலா ஒன்றும் தயாராக இருப்பது நல்லது. அந்த நேரத்தில் தவறிய ஒவ்வொரு குத்தும் ஒரு சாதாரண ஊசிக்காயமாக இருப்பதில்லை. அழுத்திப் பிடித்தாலும் நிற்காமல் கசியும். கை கறுத்து வீங்கும். கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய நாளத்தைத் தேடிக் குத்துவது இன்னும் ஆபத்து, நெஞ்சுப் பக்கத்தில் அழுத்திப் பிடிக்கவும் வழியில்லை. மாரியில் வரும் டெங்குக் காய்ச்சலில் இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டு இறங்கியவர்களுக்கும் இதே நிலைதான். முதல் குத்து ஏறவேண்டியவர்கள் இவர்கள். ஸ்கானுக்கு ஓர் இடம் சொல்லச் சொன்னால் நான் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலைத்தான் காட்டுவேன்.

இரண்டாமவர் சிறுநீரக நோயாளி. வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகப் பிடிபடாத சிறுநீரக நோயால் எத்தனை விவசாயக் குடும்பங்கள் நொந்துபோயின என்பது எல்லோருக்கும் தெரியும். இவர்களின் நாளத்தை இன்றைய சேலைனுக்காக மட்டும் பார்க்கக்கூடாது. நாளை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டி வந்தால், மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். 1966இல் அமெரிக்க மருத்துவர்கள் பிறெசியாவும் சிமினோவும் சகாக்களும் காட்டிய வழி இன்றும் முதல் வழி. அதற்கு வேண்டியது முன்னங்கையில் காயப்படாத ஒரு நல்ல நாளம். பச்சை வெளிச்சம் மிகவும் அழகாகக் காட்டுவதும் அதே நாளத்தைத்தான். காட்டிவிட்டதே என்று அதில் கனுலாவைச் செருகினால், அந்த மனிதரின் அடுத்த பத்து வருடத்துக்குரிய வழியை நாங்களே அடைக்கிறோம். சிறுநீரக நோயாளிக்குப் புறங்கைதான் முதல் தெரிவு. இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுக்காமல் எந்த நாளம் காட்டும் கருவியையும் வார்ட்டில் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாமவர் போரில் கையையோ காலையோ இழந்தவர், அல்லது செல் பீஸை (வெடித்த எறிகணைத் துண்டை) உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்கிறவர். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தரம் எழுதும் வயதுக்கு வருகிறார்கள். பீஸ் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரு கை இல்லாதவருக்குக் குத்துவதற்குள்ள இடம் பாதி. மிச்சக் கையில் எரிகாயத் தழும்பு இருந்தால் விரலுக்கு ஒன்றும் படாது. தழும்புத்தோல் அகச்சிவப்பையும் குழப்பும். ஸ்கான் தழும்புக்குக் கீழே போய்ப் பார்க்கும். உலோகத் துண்டு கிடந்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதை விலக்கி இடம் தேடலாம். இப்படியான ஒருவரின் கையை மூன்று, நான்கு தரம் குத்திவிட்டு ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை’ என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடிவதில்லை.

அதிர்ச்சி நிலையில், நாடித்துடிப்பே பிடிபடாமல் வருபவருக்கு எந்தக் கருவியும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி இறக்கி எலும்பு மச்சை வழியாக மருந்து கொடுக்கலாம். அது தனிக் கதை.

மாமாவுக்குப் பதில் சொன்னேன். பச்சை வெளிச்சம் பிழையில்லை. சிறுவர் வார்ட்டில் ஒன்று இருந்தால் பயன்படும். ஆனால் நல்ல பெயருள்ள கருவி பல ஆயிரம் டொலர், பற்றரி களைத்துவிட்டால் இங்கே மாற்ற ஆள் தேடவேண்டும். சேர்த்த காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தொலைபேசியில் கொழுவிப் பார்க்கும் சிறிய ஸ்கான் வாங்குங்கள். ஆழமாகவும் பார்க்கக்கூடிய தலையாக இருந்தால் அதாலேயே நெஞ்சையும் வயிற்றையும் பார்க்கலாம், டெங்கு நோயாளிக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். அனுப்புவதற்கு முன் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியோடு பேசுங்கள். மருத்துவ உபகரணங்களும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்துக்குள் வருபவை, அனுமதியில்லாமல் வந்த பெட்டி துறைமுகத்திலேயே கிடந்துவிடும். செயலிக்கு வருடக் கட்டணம் உண்டா, அதை யார் கட்டுவது என்று இப்போதே கேளுங்கள். பழக்கிவிட ஒரு டொக்டரை இரண்டு கிழமை அனுப்ப முடியுமா என்றும் பாருங்கள்.

“சரி பிள்ளை,” என்றார் மாமா. “அந்த நீளக் கனுலா எத்தினை பெட்டி வேணும்?”

அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை. அடுத்த நாளே மூத்த மிஸியிடம் சொல்லி வார்ட்டில் ஒரு சி.ஆர். கொப்பி திறந்தோம். ஒருவருக்கு இரண்டு தரம் குத்தியும் ஏறாவிட்டால் அங்கே நிறுத்தி, வேறொருவரைக் கூப்பிட்டு, கொப்பியில் ஒரு வரி எழுதவேண்டும்: வயது, என்ன வருத்தம், எந்தக் கை, எத்தனை குத்து, கடைசியில் எங்கே ஏறியது. முதல் வரி அந்த வயிற்றோட்டக்கார அம்மாவுடையது. வலது கை, ஆறு, பெருவிரல் பக்க மணிக்கட்டுக்கு மேலே. அவர் வீட்டுக்குப் போகும்போது அதையே ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தோம். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஊசி போட முதல் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.